கை காட்டினால் நிற்கும் வண்டி

பேருந்து நிலையம்,
அறிவிப்பு அறை,
செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருப்பதை நீ ஞாயிறுதோறும் தொலைபேசியில் என் குரலைக் கேட்டே அறிந்துகொள்கிறாய். உன் நலத்தைத்தான் உன் குரலிலிருந்து என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய். தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்கிறாய். உன் அப்பாவைப் பற்றி ஒரு சொல் எடுத்ததும், "அம்மா, சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்கிறாய். நீ இருக்கும் நகரத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சிக்னல் போய்விடும் போலிருக்கிறது. ஆகவே கடிதம் எழுதத் துணிந்தேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க இயலாது. மடித்து வைத்தாலும், விட்ட வரியிலேயே அது உனக்காகக் காத்திருக்கும்.

இன்னொரு காரணம் என் சொந்த ஆசை. புறப்படும் இடம், சேரும் இடம், நடைமேடை என்று நாள் முழுவதும் இந்த மைக்கின் முன்னால் துண்டு வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, எழுவாய் தன் பயனிலையைத் தேடி நெடுந்தூரம் நடந்துபோகும் வாக்கியம் ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டது என்பது நீ அறிந்ததே. மீதித் தமிழை, பயணிகள் இருக்கையில் மறந்துவிட்டுப் போன வார இதழ்களிலிருந்தும் அட்டை கிழிந்த புத்தகங்களிலிருந்தும் நானே கற்றுக்கொண்டேன். யாரும் தேடி வராத அந்தப் புத்தகங்களைப் பணி முடிந்து வரும்போது அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தவர் யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீ கடிதத்தை மூடிவிடுவாய்.

செய்திக்கு வருகிறேன். நம் நிலையத்தின் பின்பக்கத்து நெடுஞ்சுவரில் படம் வரைவதற்கு உன் நண்பர்களுக்கு இம்முறை முறைப்படி அனுமதி கிடைத்துவிட்டது. நீங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் அந்த உயரமான பெண்தான் மனு எழுதினாள். நான் திருத்திக் கொடுத்தேன். "பெர்மிஷன் வேணும் சார்" என்ற பாவனையில் இருந்ததை, "தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிந்து முன்வைக்கிறோம்" என்று நான் நிமிர்த்தி வைத்த பிறகு, கிளை மேலாளரால் மறுக்க முடியவில்லை. கையொப்பமிடும்போது, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டாராம். ஒட்டடைக்குச்சி மேலே ஒலிபெருக்கியைக் காட்டியிருக்கிறாள்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தை நீ அறிவாய். ஆயினும் ஊர் முழுவதும் அதில் கலந்துகொள்ளும்போது அது எப்படி இருக்கிறது என்பதை நீ பார்த்ததில்லை. மாலையில் மைதானத்துக்கு அப்பால் சூரியன் இறங்கி, வெயில் படுத்துக்கொண்டு வந்து சுவரில் நேராக விழும் சிறு பொழுதுதான் அவர்களுக்கு வேலை நேரம். யார் வேண்டுமானாலும் வந்து சுவரின் முன் நிற்கலாம். ஒட்டடைக்குச்சி தலையிலிருந்து கீழேயும், குண்டு பல்பு என்று நீங்கள் கேலி செய்யும் எலக்ட்ரீசியன் தம்பி காலிலிருந்து மேலேயுமாக, கரித்துண்டால் நிழலின் ஓரத்தை வரைந்துகொண்டே போய் இடுப்பில் சந்திக்கிறார்கள். தாமதித்தால் சூரியன் நகர்ந்துவிடும். தலை ஒரு வேளையிலும் கால் வேறொரு வேளையிலும் இருப்பதாகிவிடும். டீக்கடைக்காரர் நடுவில் தும்மிவிட்டதால் அவருக்கு இரண்டு மூக்கு. "ஒண்ணை அழிச்சிடலாமா அண்ணே?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு" என்றுவிட்டார்.

முகம் கிடையாது. பெயர் கிடையாது. அவரவர் நிழலுக்கு அவரவர் சொல்லும் நிறம். இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்துக்கு மட்டும், அந்த இருவரும் சேர்ந்து வந்து சுவரின் முன் நின்று ஒரே நிறத்தைச் சொல்ல வேண்டும். இருவரும் ஒத்துக்கொள்ளாதவரை அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். இந்த விதியை வகுத்தவள் நீதான் என்று ஒட்டடைக்குச்சி சொன்னாள். என் மகள் வகுத்த விதி என்று நான் மருந்துக்கடைக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அந்த விதி என்மீதே பாய்ந்தது. என் நிழலின் முழங்கை அவளுடைய நிழலின் கொண்டைக்குள் போய்விட்டது. நான் மாந்தளிர் நிறம் என்றேன். அவள், "அக்கா, அது என்ன, காய்ச்சல் வந்த பச்சை மாதிரி?" என்றாள். ஒரு வாரம் வாதாடினோம். கடைசியில் இருவருக்கும் பிடிக்காத ஒரு பழுப்பில் வந்து நின்றோம். இப்போது அந்தப் பழுப்பை யாராவது குறை சொன்னால் இருவரும் சேர்ந்தே சண்டைக்குப் போகிறோம்.

அந்தி நேரத்தில் அந்தச் சுவரை நீ பார்க்க வேண்டும், கண்ணே. பேருந்துக்காகக் காத்திருப்பவர்களின் உண்மை நிழல்கள், வரைந்த நிழல்களுக்கு நடுவே போய் விழுகின்றன. எது நிற்கும், எது வண்டி வந்ததும் கிளம்பிப்போகும் என்று தெரிவதில்லை. சுவருக்குள்ளும் ஒரு பேருந்து நிலையம் இருப்பது போலவும், அங்கே எல்லாரும் வண்ண உடம்போடு வேறொரு வண்டிக்காகக் காத்திருப்பது போலவும், அதற்கும் நான்தான் அறிவிப்புச் செய்ய வேண்டியிருப்பது போலவும் எனக்கு ஒரு மயக்கம் வருகிறது. ஒருநாள் அந்த மயக்கத்தில், நடைமேடை எண்ணைச் சொல்ல மறந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். நிலையமே கனிவோடு நின்று கவனித்தது.

இனி எழுதப்போவதை நீ பொறுமையோடு படிக்க வேண்டும். அன்று நடந்ததை நாம் மூவரும் மூன்று விதமாக மனத்தில் வைத்திருக்கிறோம். என் அறைச் சன்னலிலிருந்து தெரிந்த விதத்தை நான் எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு, யாரிடமும் கேட்காமல், அந்தச் சுவரில் நீங்கள் முதல் நிழலைப் பிடித்தீர்கள். அது உன் நிழல். வழியில் வரும் வண்டியை நிறுத்துகிறவளைப் போல ஒரு கையை உயர்த்தி நின்றாய். நீலம் பூசினீர்கள். அதற்குச் சற்று முன்புதான், நிறுத்தம் இல்லாத இடத்திலும் கை காட்டுகிறவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிறார் என்று உன் அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. மறுநாள் காலை ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அந்தப் படத்தின் முன் கூடிச் சிரித்தார்கள். "என்னப்பா, உன் பொண்ணே உனக்கு மெமோ குடுத்துட்டா போல!" என்று ஒருவர் கத்தியது என் அறை வரை கேட்டது. உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. மதியம் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். மைதானத்து ஓரத்தில் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, வேணாம்" என்று நீயும் சொல்லவில்லை. வாயைத் திறக்காத அந்த வீம்பு, என் வழியில் உனக்கு வந்த சொத்து.

அந்த வாரக் கடைசியில் ஊரை விட்டுப் புறப்பட்டாய். அவருடைய வண்டி கிளம்பிப் போகும்வரை காத்திருந்து அடுத்த வண்டியில் ஏறினாய். அந்த வண்டியை அறிவித்தவள் நான். எந்தப் புறப்பாட்டையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. அன்று ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாம் முறைக்குக் குரல் வரவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை இந்த ஆண்டின் முதல் மழை பெய்தது. உன் நண்பர்கள் கரியையும் தூரிகைகளையும் பொறுக்கிக்கொண்டு கூரைக்கு ஓடினார்கள். சுவர் நனைந்தது. இன்னும் யாருடைய நிழலும் விழாத நடுப்பகுதியில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நீலம் மெல்ல மேலே வந்தது. முதலில் கை. பிறகு தோள். பிறகு பாவாடையின் ஓரம். நனைந்த சுண்ணாம்பு கண்ணாடியைப் போலாகிவிடும் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை. நீ நின்றாய், மகளே. மழை முழுவதும் நின்றாய். வெயில் அடித்துச் சுவர் காயத் தொடங்கியதும், வந்த வழியே பின்வாங்கி மறைந்தாய்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் இரண்டு பூச்சு, மூலைகளுக்கு மூன்றாவது என்று உயிரை எடுக்கிற மனிதர் உன் அப்பா. அந்தச் சுவருக்கு அவர் ஒரு பூச்சுதான் அடித்திருக்கிறார்.

அவர் வண்டி அப்போது நடைமேடையில்தான் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரின் முன்னால் மழையில் தொப்பலாக நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். என் பணிக்காலத்தில் அவருடைய வண்டிக்கு நான் தாமத அறிவிப்புச் செய்தது அன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கும் மழைக்காலமாக இருந்தால் தலையை நன்றாகத் துவட்டு. வேறொன்றும் கேட்கவில்லை. நீ எங்கே நின்றாலும் வெயிலும் மழையும் உன்மீது இதமாக விழட்டும் என்று வாழ்த்தும்,

அம்மா.


பேருந்து நிலையம்,
அறிவிப்பு அறை,
வியாழக்கிழமை, மழை விட்ட வேளை.

அன்புச் செல்வத்துக்கு,

என் முதல் கடிதம் கிடைத்தது என்று ஞாயிறன்று சொன்னாய். படித்தாயா என்றேன். "ம்" என்றாய். அந்த "ம்" வழக்கத்தைவிடச் சற்று நீளமாக இருந்ததாக எனக்குப் பட்டது. அதை நம்பியே இதை எழுதுகிறேன்.

அன்று மழையில் நின்ற உன் அப்பாவிடம் ஒட்டடைக்குச்சி குடையோடு ஓடினாள் என்பதை முன்பு எழுதாமல் விட்டேன். என்ன பேசினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். "மாமா, அவ உங்களைக் கிண்டல் பண்ணல. நிழல் பிடிக்கறப்போ, எதுக்குடி கையைத் தூக்கறே, வலிக்கப்போகுதுன்னு நான்தான் கேட்டேன். 'எங்கப்பா வண்டிய நிறுத்த ஸ்டாப்பு எதுக்குடி, ஒரு கை போதும். அதை ஊரு பாக்கட்டும்'னா" என்று சொல்லியிருக்கிறாள். அவர், "அப்படியா சொன்னா?" என்று கேட்டாராம். சுவரைப் பார்த்துக்கொண்டே மறுபடியும், "அப்படியா சொன்னா?" என்றாராம். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறிவிட்டார்.

இதை நீ அன்றே ஒரு வாய்ச்சொல்லாக அவரிடம் சொல்லியிருக்கலாம். அவரும் உன்னைக் கேட்டிருக்கலாம். மெமோ வந்த புண் ஆறாத மனிதருக்கு உயர்ந்த கை ஏளனமாகத் தெரிந்தது. சுண்ணாம்பு வாளியைக் கண்டதும் உனக்கு வாய் அடைத்துக்கொண்டது. அதன்பின் அவர் நிறுத்தத்தைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்துவதில்லை என்பதை உனக்கு நான் சொன்னதில்லை. கை காட்டியவர்கள் காட்டியபடியே பின்னால் போய்விடுகிறார்கள். "உங்க வீட்டுக்காரருக்கு என்னங்க ஆச்சு, கண்ணு தெரியலையா?" என்று என் சன்னலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மழைக்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. வெண்டைக்காயில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லவில்லை. பிறகு வானம் வெளுத்த ஒரு மாலையில், கடைசி நடையை முடித்து, வண்டியை ஓரமாக விட்டு, காக்கிச் சட்டையோடு சுவருக்கு வந்தார். தனக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக் காத்திருந்தார். முறை வந்ததும், எல்லாரையும் போலக் கிடைத்த இடத்தில் நிற்கவில்லை. சுவரின் நடுப்பகுதிக்குப் போனார். காய்ந்து வெளுத்து, ஒன்றுமே தெரியாத இடம் அது. ஓர் அடி பின்னால் வந்தார். அரைச் சாண் இடப்பக்கம் நகர்ந்தார். தோளுக்கு மேல் சூரியனைத் திரும்பிப் பார்த்தார். சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்வாரே, அதைப் போல, "வரட்டும்... வரட்டும்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்று முணுமுணுத்ததாகக் குண்டு பல்பு சொன்னான். பிறகு ஒரு கையை நீட்டி உயர்த்தி, உள்ளங்கையை விரித்தார். சாலையோரத்தில் கை காட்டுகிறவரிடம், பார்த்துவிட்டேன், நிறுத்துகிறேன் என்று சன்னல் வழியாகக் காட்டுவாரே, அந்தக் கை.

"மாமா, கையை இறக்கிடுங்க. வரைஞ்சு முடிக்க நேரமாகும்" என்று ஒட்டடைக்குச்சி சொன்னாள். "நீ வரைம்மா" என்றார். கை ஆடவில்லை. என்ன நிறம் என்று கேட்டதற்கு, "காக்கி" என்றார். "மாமா, சுவத்துல கூட யூனிஃபார்மா?" என்று குண்டு பல்பு சிரித்தான். அவரும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனமில்லை.

அவர் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. இன்று காலை விளங்கியது. மறுபடியும் மழை பெய்தது. சுவர் நனைந்தது. நீலப் பெண் வெள்ளைக்குள்ளிருந்து மேலே வந்தாள். அவளுடைய உயர்ந்த கையின்மேல், விரலுக்கு விரல், இன்னும் காக்கி பூசாத அவருடைய கரிக்கோட்டுக் கை இருந்தது.

டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார். கிளாஸில் மழை விழுந்தது. அவர் வண்டி நடத்துநர் மட்டும், "ஒரு இன்ச் பிசகல, பாருங்க. பஸ்ஸை நிறுத்தற மாதிரியே கையை நிறுத்தியிருக்காரு" என்றார். மருந்துக்கடைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏனடி என்றேன். "தூசி விழுந்திடுச்சுக்கா" என்றாள். கொட்டுகிற மழையில் ஏது தூசி? எனக்கும் அதே தூசிதான்.

கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி உரசாமல் வண்டியைச் சந்துக்குள் விடுகிற மனிதருடைய கை, தற்செயலாகப் போய் எங்கும் விழாது, மகளே. இதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். அவருடைய மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நீ.

இனி, நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த இடத்துச் சுண்ணாம்பை ஈரத்துணியால் தேய்த்து எடுத்துவிட்டால் நீலம் நிலையாக வெளியே வந்துவிடும் என்று ஒட்டடைக்குச்சி சொன்னாள். உன் அப்பா விடவில்லை. "நான் அடிச்சது அது. அவ எடுக்கச் சொன்னாத்தான் எடுக்கணும்" என்றார். உன் நண்பர்களும் அதையே ஒப்புக்கொண்டார்கள், ஏனெனில் உரியவரின் சொல் இல்லாமல் எந்த நிழலையும் தொடுவதில்லை என்பது அவர்களுடைய சுவரின் ஒழுக்கம். அப்படியே சுண்ணாம்பை எடுத்தாலும், இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த அந்த உள்ளங்கை அளவு இடத்துக்கு, நீ வகுத்த விதிப்படி, நீங்கள் இருவரும்தான் ஒரே நிறத்தைச் சொல்ல வேண்டும்.

இதற்குக் கால அவகாசம் அதிகமில்லை. மழைக்காலம் முடிந்து சுவர் காய்ந்ததும், நிழல்களுக்கு இடையே மிச்சமிருக்கும் இடம் முழுவதற்கும் கெட்டியான வெள்ளை வண்ணம் அடித்துவிட வேண்டும் என்பது மேலாளர் அனுமதியில் எழுதியிருக்கும் நிபந்தனை. அது சுண்ணாம்பு அன்று. கடையில் வாங்கும் வண்ணம். மழைக்கு வழிவிடாது. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் நீ வரமாட்டாய். அவருடைய கை மட்டும், எதையோ பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்ததுபோல அந்தரத்தில் நிற்கும்.

அந்தக் கையை அப்படி விட்டுவிடாதே என்று உன்னை வேண்டிக்கொள்கிறேன். ஒரு சொல் அனுப்பு. சிறு சொல்லாக இருந்தாலும் போதும். நீட்டி எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நன்மையே நாடும்,
அம்மா.


வீடு,
ஞாயிறு காலை.

என் கண்ணான மகளுக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. அட்டை முழுவதும் வெற்றிடமாக விட்டு, நடுவில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: "அப்பா என்ன கலர் சொன்னார்?"

என் கடிதங்களின் நீளத்தோடு ஒப்பிட்டால் இது அநியாயமான சுருக்கம். ஆனால் அந்த வரியின் முதற்சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்பதை உனக்குச் சொல்லமாட்டேன். ஊரை விட்டுப் போன பிறகு நீ அந்தச் சொல்லை எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை.

அட்டையை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது அட்டை வியர்வையில் வளைந்திருந்தது. நடத்துநரிடமும், டீக்கடைக்காரரிடமும், டீசல் ஊற்றுகிறவரிடமும் காட்டியிருக்கிறார் என்பது மறுநாள் என் சன்னலுக்கு வந்து சேர்ந்த செய்தி. "அப்படி என்ன கலருதான் சொல்லப்போறீங்க?" என்று நானே கேட்டேன். "எனக்கு என்ன தெரியும் கலரு? சிக்னல்ல இருக்கற மூணுதான் தெரியும். அவ வந்து சொல்லட்டும். அவ சொல்றது எதுவா இருந்தாலும் எனக்கும் அதுதான்" என்றார்.

இந்தப் பதிலை நான் ஒட்டடைக்குச்சியிடம் கொண்டுபோனேன். அவள் ஏணியின் மேலிருந்தே தலையை ஆட்டிவிட்டாள். "அதெல்லாம் செல்லாது அத்தை. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சுவத்து முன்னாடி நின்னு சொல்லணும். ரூல் போட்டதே அவதான். அவளுக்கு மட்டும் தனி ரூலா?" என்றாள். மேலிடத்தில் இருப்பவர்கள் இவ்வளவு நேர்மையாக இருப்பது அரிது.

சுண்ணாம்பை எடுப்பதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதே நல்லது. அதையும் நேரில் வந்து சொல். வண்டியின் கருவிப் பெட்டியில், ஸ்பேனர்களுக்கு நடுவே, ஒரு மிருதுவான தூரிகையும் துவைத்து மடித்த பழந்துணியும் சில நாட்களாக இருப்பதாக நடத்துநர் சொல்கிறார். கேட்டதற்கு, "கண்ணாடி துடைக்க" என்றாராம்.

இன்னொரு செய்தியும் உண்டு. நேற்று முன்தினம், நிறுத்தமே இல்லாத ஒரு வளைவில், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் கை காட்டியிருக்கிறாள். வண்டி தாண்டிப் போய்விட்டது. சற்றுத் தூரம் போனதும் அவர் பிரேக்கில் காலை வைத்து, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்து, அவள் கால் வைக்கும் இடத்துக்கு நேராகப் படியை நிறுத்தினாராம். வண்டியில் இருந்த எல்லாரும் கைதட்டினார்களாம். மேலாளர் காதுக்கும் போயிருக்கும். இன்னொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தால் வரட்டும். அதற்குப் பதில் எழுத வீட்டில் ஆள் இருக்கிறது. தமிழில் எனக்குப் பயம் கிடையாது.

மழை இனி ஓரிரு முறைதான் பெய்யும் என்கிறார்கள். சுவர் காய்ந்துகொண்டே வருகிறது. எல்லா நிழல்களும் நிறம் பூண்டுவிட்டன. நடுவில் ஓர் உள்ளங்கை மட்டும் கரிக்கோடாகக் காத்திருக்கிறது. விடுமுறை கேட்பதற்கு உன் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் சொல், நான் எழுதி அனுப்புகிறேன். மறுக்க முடியாத விதத்தில் எழுதுவேன்.

வரும் வழியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் நகரத்துப் பேருந்து கூட்டுரோட்டில் உன்னை இறக்கிவிடும். அங்கே நிழற்குடைக்குள் போய் உட்காராதே. அது நிறுத்தம். அங்கே எல்லா வண்டியும் நிற்கும். பையை எடுத்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நட. பலகையும் இல்லாத, நிழலும் இல்லாத வெறும் சாலையோரமாகப் பார்த்து நில். மாலை நடைக்கு அவர் அந்த வழியாகத்தான் வருவார். அவருக்கு அப்போது எதிர்வெயில். சாலையில் நிற்பவர்களுடைய முகம் தெரியாது. வெளிச்சத்துக்கு முன்னால் உருவம் மட்டும்தான் தெரியும். அவர் அந்த உருவத்தை மழையில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

கூப்பிட வேண்டாம். பேச வேண்டாம். என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டு வரவும் வேண்டாம். கையை மட்டும் தூக்கு, கண்ணே.

உன்னைச் சுமந்து வரும் வண்டிக்கு வழியெல்லாம் பச்சை விளக்காக எரியட்டும். அதன் வருகையை இரண்டு முறையும் குரல் நடுங்காமல் அறிவிக்க, மைக்கின் முன்னால் காத்திருக்கும்,

உன் அம்மா.